கப்பல் ஆபீஸின் மாடிப்படி

போடியில் இறங்கி யாரிடம் கேட்டாலும் கப்பல் ஆபீஸுக்கு வழி சொல்லிவிடுவார்கள். ஆட்டோக்காரர்களுக்கு அது ஓர் அடையாளம். கப்பல் ஆபீஸுக்கு எதிர்ச்சந்து, கப்பல் ஆபீஸ் தாண்டி இரண்டாவது கடை என்றுதான் எங்கள் பக்கத்து முகவரிகள் இருக்கும். மேற்கே மலை, அதற்குப் பின்னால் இன்னும் மலை, அதையும் தாண்டினால் கேரளா. கப்பல் இந்தப் பக்கம் வந்ததில்லை. கட்டடத்துக்குள்ளும் கப்பல் சம்பந்தமாக ஒரு வேலையும் நடந்ததில்லை. இருந்தாலும் பெயர் அதுதான்.

நான் அதன் காவல்காரன். கூட்டுகிறவனும் நான்தான். கல்யாணமான புதிதில் என் மனைவியும் நானும் கீழ்த்தளத்து மூலை அறைக்குக் குடி வந்தோம். மகள் அந்த அறையில் வளர்ந்து, அங்கிருந்தே சின்னமனூருக்கு வாக்கப்பட்டுப் போனாள். எங்களுக்கு வேறு வீடு கிடையாது, வாடகைக்குப் போகிற அளவுக்கு வருமானமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டடத்தின் வரலாறு என்று ஆரம்பித்தாலும், எனக்கு அது அந்த அறையின் கதைதான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்து வரும், பேச்சுதான் வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏலக்காய் மூட்டைக்குக் காவல் இருப்பதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் காலம் ஓடிவிட்டது.

கட்டடத்தின் கதையை எனக்குச் சொன்னவர் ஆத்தா. இப்போதைய முதலாளி அவர்தான். ஆத்தா என்றதும் கட்டிலில் படுத்திருக்கிற கிழவி என்று நினைக்க வேண்டாம். ஸ்கூட்டி ஓட்டுவார். குரங்கணிக்கு மேலே இருக்கிற ஏலக்காய்த் தோட்டத்துக்கு வாரம் தவறாமல் ஜீப்பில் போய்வருவார். கணவர் தவறிய பிறகு தோட்டத்தையும் கட்டடத்தையும் அவரே பார்த்துக்கொள்கிறார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் வீடு. என்னை அப்பு என்று கூப்பிடுவார்.

கட்டடத்தைக் கட்டியவர் ஆத்தாவுடைய கணவரின் தாத்தா. பெரிய முதலாளி என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் அவர் ஏலக்காயைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்க் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கே துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் கம்பெனியின் ஆபீஸ் இருந்தது. தூத்துக்குடியில் அதைத் தெரியாதவர் கிடையாதாம். பெரிய முதலாளிக்கு அதன் வாசற்படி நன்றாகத் தெரியும். குமாஸ்தா வெளியே வந்து மாதிரி ஏலக்காயை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். இவர் படியிலேயே உட்கார்ந்திருப்பார். வெகுநேரம் கழித்துக் குமாஸ்தா வந்து, சரக்கு எடுக்கிறோம் என்றோ எடுக்கவில்லை என்றோ சொல்வார். மாதிரி மட்டும் திரும்பி வந்ததே இல்லை.

ஒருநாள் நல்ல மழை. அன்றைக்கும் உள்ளே வரச் சொல்லவில்லை. நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவர், ஊருக்கு வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு, "அந்த ஆபீஸ அப்படியே நம்ம ஊர்ல கட்டு" என்று சொல்லிவிட்டார். அதற்குள்ளே நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

கொத்தனார் தூத்துக்குடிக்குப் போனார். அவரையும் உள்ளே விடவில்லை. எதிரே ஒரு சர்பத் கடையில் நின்றபடி முகப்பை மட்டும் பார்த்து ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டு வந்தார். எத்தனை தூண், எத்தனை ஜன்னல், வாசலில் எத்தனை படி, மேலே நடுவில் பால்கனியும் அதற்கொரு கதவும், உச்சியில் கொடிக்கம்பம். ஒன்றும் விடவில்லை. பால்கனிக்கு மேலே சுண்ணாம்புக் காரையில் ஒரு நங்கூரம் செய்திருந்ததாம். அதையும் வரைந்துகொண்டார். ஆனால் அவர் அதற்கு முன்னால் நங்கூரம் பார்த்தவரில்லை. கட்டும்போது காகிதத்தின் அந்தப் பக்கம் கிழிந்துபோயிருந்ததால், எது மேல் எது கீழ் என்று தெரியாமல் தலைகீழாக வைத்துவிட்டார். நங்கூரத்தைத் தலைகீழாக வைத்தால் சூலாயுதம் மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் அதற்கு நேர் கீழே படியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் நான் அதையும் சேர்த்துக் கூட்டுவேன்.

முகப்பு அப்படியே வந்துவிட்டது. முகப்புக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் கொத்தனாருக்குத் தெரியாது. அவர் அதுவரை மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகள் மட்டுமே கட்டியவர். ஆகவே கீழே ஒரு பெரிய கிட்டங்கியும் மேலே ஒரு பெரிய கிட்டங்கியும் கட்டினார். கீழே மட்டும் மூலையில் ஓர் அறையைத் தடுத்தார். அதுதான் எங்கள் அறை. எல்லாம் முடிந்த பிறகு பெரிய முதலாளி வந்து பார்த்து, மேலே போக மாடிப்படி எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"அங்க இல்லீங்களே" என்றாராம் கொத்தனார். "அங்க இருக்குறத அப்படியே கட்டச் சொன்னீக. நான் பாத்த வரைக்கும் படி ஒண்ணும் இல்ல."

அதற்குப் பெரிய முதலாளி என்ன சொன்னார் என்று ஆத்தாவுக்கும் தெரியவில்லை. மேல்தளத்தில் ஓர் ஓட்டை போட்டு ஏணி சாத்தினார்கள். மூட்டைகளைத் தெருவிலிருந்தே கயிறு கட்டி, பால்கனிக் கதவுக்கு மேலே மாட்டிய கப்பியில் இழுத்து ஏற்றினார்கள். மூட்டை கப்பியில் போகும், ஆள் ஏணியில் போவான். என் காலம் வரை இதுதான் முறை. லோடுமேன்கள் யாரும் குறை சொன்னதில்லை. முதுகில் சுமந்து படி ஏறுவதைவிடக் கயிறு இழுப்பது சுலபம்.

இன்னொரு விஷயமும் அவர்கள் யோசிக்கவில்லை. கடல் காற்றுக்காக வைத்த பெரிய பெரிய ஜன்னல்களை இங்கேயும் வைத்தார்கள். ஏலக்காய்க்கு வெளிச்சம் ஆகாது. நாலு நாள் வெயில் பட்டால் பச்சை போய் வெளுத்துவிடும். வெளுத்த காயை யார் வாங்குவார்கள்? ஜன்னல்களை எல்லாம் பலகை வைத்து அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு உள்ளே ஒரே இருட்டு. காயின் நிறம் பார்க்க வருகிற வியாபாரிகள் இருட்டில் என்ன பார்ப்பார்கள்? எல்லாரும் வாசற்படியில் உட்கார்ந்து, காயைத் தட்டில் கொட்டி, வெளிச்சத்தில் பார்த்து விலை பேசினார்கள். கடைசியில் பெரிய முதலாளியும் இங்கே தன் சொந்த ஆபீஸின் படியில்தான் உட்கார்ந்திருந்தார். நாற்காலி உள்ளே சும்மா கிடந்தது.

எங்கள் அறை ஜன்னலிலும் பலகைதான். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். என் மனைவி அதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது.

இப்போது ஏலக்காயை ஏலம் விடுவதெல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. படியில் உட்கார்ந்து பேரம் பேச யாரும் வருவதில்லை. கிட்டங்கியில் ஆத்தாவுடைய தோட்டத்துக் காய் மட்டும்தான் இருக்கும். ஆத்தாவுடைய மகன் சென்னையில் வேலையில் இருக்கிறார். கட்டடத்தை இடித்துவிட்டுக் கீழே கடைகளும் மேலே ஒரு விசேஷ ஹாலும் கட்டலாம் என்று அவர் போன வருஷம் பேச ஆரம்பித்தார். ஆத்தாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் கூரை ஒழுகுவதைச் சரிசெய்வதற்கு யார் செலவழிப்பது என்று மகன் கேட்டால் ஆத்தா பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த நேரத்தில்தான் ஏலக்காய் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனிக்கு ஆபீஸ் தேவைப்பட்டது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து பார்த்தார். முகப்பை வெகுநேரம் போட்டோ எடுத்தார். மேல்தளம்தான் கம்ப்யூட்டர் வைக்கத் தோதாக இருக்கும் என்றார். மேல்தளத்தைப் பார்க்க ஏணியில் பாதி ஏறினார். பிறகு இறங்கிவிட்டார்.

"கட்டடம் நல்லா இருக்கும்மா. படி ஒண்ணு வச்சுக் கொடுத்துட்டீங்கன்னா நாங்க எடுத்துக்குறோம். ரிப்பேரும் நாங்களே பாத்துக்குறோம்."

மகனும் ஒத்துக்கொண்டார். தை பிறப்பதற்குள் படி வைக்க வழி கண்டுபிடித்தால் கட்டடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இடித்துவிடலாம் என்றார். இன்ஜினியர் ஒருவர் வந்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கண்ட இடத்தில் ஓட்டை போட்டால் உத்திரம் போய்விடும் என்றார். இதே அமைப்பில் தூத்துக்குடியில் ஒரு கட்டடம் இருக்கிறதென்றால், அங்கே படியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவரலாமே என்றும் சொன்னார்.

ஆத்தா என்னைக் கூப்பிட்டார்.

"அப்பு, நீயும் ஒன் மச்சானும் தூத்துக்குடிக்குப் போயிட்டு வாங்க. உள்ள போயி, படி எங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்க. நம்ம ஆளு ஒருத்தன்கூட இது வரைக்கும் அதுக்குள்ள போனதில்ல."

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கொத்தனார். பேச்சில் எனக்கு நேர் எதிர். வேலை செய்யும்போதும் பேசுவார், சாப்பிடும்போதும் பேசுவார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "எங்கண்ணன் பேசட்டும். நீங்க பாத்துக்கிட்டு மட்டும் வாங்க" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "படி கெடைக்கலன்னா நாம எங்கங்க போறது?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

மதுரை வரை ரயில், அங்கிருந்து பஸ். ஆத்தா கொடுத்தனுப்பிய நல்ல முதல்தரக் காய் ஒரு பொட்டலம் என் பையில் இருந்தது. பஸ் முழுக்க ஏலக்காய் வாசம். பக்கத்து சீட்டுக்காரர் பாயசமா கொண்டுபோறீக என்று கேட்டார். மச்சான் அவரோடு அருப்புக்கோட்டை வரை பேசிக்கொண்டு வந்தார்.

அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தெரு திரும்பியதும் நின்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டை யாரோ ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிவந்து வேறு ஊரில் வைத்துவிட்டது மாதிரி இருந்தது. அதே தூண்கள், அதே மூடிக்கிடக்கிற ஜன்னல்கள், அதே பால்கனி. பழக்கத்தில் படி ஏறுவதற்கு முன்னால் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

மச்சான் மேலே பார்த்தார். "மாப்ளே, இங்க சூலாயுதம் தலகீழா இருக்கு."

"இதுதான் மச்சான் நேரு. நம்மளுதுதான் தலகீழு."

"இத ஊர்ல போயிச் சொல்லிராத. எலுமிச்சம்பழம் வைக்கிறவளுக எல்லாம் வந்து நம்ம வீட்டுக் கதவத் தட்டுவாளுக."

வாசலில் ஒரு காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். மச்சான் போய் விஷயத்தைச் சொன்னார். போடி, ஏலக்காய், பெரிய முதலாளி, மழை, கொத்தனார், கப்பி எல்லாவற்றையும் சொன்னார். காவல்காரர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ஆபீசர் இல்ல அண்ணாச்சி. அவாள் உத்தரவு இல்லாம உள்ள விட முடியாது."

"எப்ப வருவாரு?"

"வருவாவ."

"இன்னைக்கா?"

"அது அவாளுக்குத்தான் தெரியும்."

"ஒரு எட்டு உள்ள போயிப் படிய மட்டும் பாத்துட்டு வந்துர்றோம்ணே. நாங்க என்ன கட்டடத்தையா தூக்கிட்டுப் போகப் போறோம்?"

"நீங்கதான் ஏற்கெனவே ஒண்ணத் தூக்கிட்டுப் போயி வச்சிருக்கியளே" என்றார் காவல்காரர்.

மச்சான் பேச்சு நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். நாங்கள் படியில் உட்கார்ந்தோம். பெரிய முதலாளி உட்கார்ந்த அதே படி. மழை மட்டும்தான் இல்லை. மச்சான் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

எனக்குச் சும்மா உட்காரப் பழக்கமில்லை. படியில் நிறைய மண் சேர்ந்திருந்தது. தூண் ஓரத்தில் ஒரு விளக்குமாறு சாத்தியிருந்தது. எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும். கேட்பதைவிடக் கூட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. எங்கள் கட்டடத்தில் மேலிருந்து இரண்டாவது படி இடது கோடியில் கொஞ்சம் பள்ளம். குப்பை அங்கேதான் தங்கும். விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்துக் காம்பு முனையால் நோண்டி எடுத்தால்தான் வரும். கை அதுபாட்டுக்கு அங்கே போனது. இங்கேயும் அதே இடத்தில் பள்ளம் இருந்தது. கொத்தனார் சர்பத் கடையிலிருந்து அதைக்கூடப் பார்த்திருக்கிறார்.

காவல்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார்.

"அந்தப் பள்ளம் இருக்கது ஒமக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் கூட்டுறதுதான்" என்றேன்.

"எங்க வேல பாக்கீரு?"

"இந்தக் கட்டடத்துலதான். போடியில."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "அப்பம் நீரும் வாச்சுமேனா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அந்த ஆளு கப்பி அது இதுன்னு எதையெல்லாமோ சொன்னாரு" என்றார். உள்ளே போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்தார். மச்சான் டீக்கடையிலிருந்து திரும்பி வந்தபோது நான் வாசலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு அது இன்றைக்கு வரை ஆறவில்லை.

உள்ளே ஒரு கூடம். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள். அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. நாங்கள் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தோம். மச்சான் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். படி இல்லை. பின்வாசல் வரை போய்விட்டோம். அங்கேயும் இல்லை.

"மாடிக்கு எதுல போவீக?" என்று கேட்டார் மச்சான்.

"எந்த மாடிக்கு?"

"மேல இருக்குல்ல. ஜன்னல், பால்கனி எல்லாம்."

காவல்காரர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். சுவரில் ஒரு மர ஏணி சாத்தியிருந்தது. ஏறினோம். மேலே மொட்டை மாடி. அதன் முன்பக்க ஓரத்தில் ஒரு பெரிய சுவர் தனியாக நின்றது. அந்தச் சுவரில்தான் மேல்தளத்து ஜன்னல்கள் எல்லாம் இருந்தன. பலகை அடித்து மூடிய ஜன்னல்கள். பால்கனிக் கதவும் இருந்தது. அதைத் திறந்தால் முன்னால் பால்கனி, பின்னால் மொட்டை மாடி. சுவருக்குப் பின்னால் அறை கிடையாது, கூரை கிடையாது, ஒன்றும் கிடையாது. சுவர் சாய்ந்துவிடாமல் இரும்புச் சட்டம் முட்டுக் கொடுத்திருந்தார்கள். புறா நிறைய இருந்தது.

மச்சான் அந்தச் சுவரையும் தட்டிப் பார்த்தார். புறாக்கள்தான் பறந்தன.

"கப்பக்காரனுக்குத் தெரியணும்னு எழுப்புன செவரு" என்றார் காவல்காரர். அவருக்கு முன்னால் இருந்த காவல்காரர் சொன்னதாம். அந்தக் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தூரத்தில் கடலிலேயே நிற்கும். தோணியில்தான் சரக்கு போகும். கப்பலில் நிற்கிறவர்களுக்குக் கம்பெனி பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேலே ஒரு சுவரை மட்டும் எழுப்பி, ஜன்னலும் வைத்து, எல்லா ஜன்னலையும் மூடிவிட்டார்கள். கொடி ஏற்றுகிற ஆள் ஏணியில் ஏறி வருவான். பிறகு துறைமுகம் தள்ளிப் போய்விட்டது. கம்பெனியும் போய்விட்டது. ஆபீஸுக்கும் கடலுக்கும் நடுவே கிட்டங்கிகள் வந்தன. அதற்குப் பிறகு இங்கே ஒரு விதைக் கம்பெனி இருந்தது. டியூஷன் நடந்தது. கொஞ்ச காலம் பழைய பெஞ்சு நாற்காலி போட்டுவைத்தார்கள். இப்போது பார்சல் வந்து போகிறது. சுவரை மட்டும் யாரும் தொடவில்லை. ஊருக்கு அது அடையாளம். படம் பிடிக்க வருகிறவர்கள் தெருவில் நின்று பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். யாரும் பின்னால் வந்து பார்த்ததில்லை.

"ஒங்க ஊருல மேல என்ன இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"பெரிய ஹாலு" என்றேன்.

"நெசமாவா? கூரையோடயா?"

"கூரையோட."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருடைய கட்டடத்தைப் பற்றி எங்களிடம் ஒரு விஷயம் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. ஏலக்காய்ப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்தேன். மாதிரி இந்தத் தடவையும் திரும்பி வரவில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். அருப்புக்கோட்டை தாண்டியதும்தான் மச்சான் பேச ஆரம்பித்தார். "மாப்ளே, இதுவும் நல்லதுக்குத்தான். அங்க படி இருந்தா அந்த எடத்துலதான் வைக்கணும்பாக. இல்லங்கும்போது நம்ம இஷ்டத்துக்கு வச்சுக்கலாம்ல?"

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் ஆத்தாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஆத்தா வீட்டுக்குப் போனேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்தார்.

"உள்ள போனீங்களா?"

"போனோம் ஆத்தா."

"படி எங்க இருக்கு?"

"படி இல்ல ஆத்தா. மாடியே இல்ல. வெறும் செவரு."

எனக்குத் தெரிந்த அளவில் சுவரைப் பற்றிச் சொன்னேன். ஆத்தா ரிமோட்டைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

"அப்ப, எங்க வீட்டுக்காரரோட தாத்தா மழையில நனஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தது ஒரு செவத்துக்குக் கீழயா?"

ஆத்தா ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கக் கட்டடத்தைப் பார்த்தார்.

"நம்மளுதுல மாடி இருக்குல்ல?"

"இருக்கு ஆத்தா."

"சரி. இத வேற யார்ட்டயும் சொல்லாத. ஒன் மச்சான்ட்டயும் சொல்லி வையி." டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நான் செருப்பை மாட்டும்போது உள்ளே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. டிவியில் அழுகிற காட்சிதான் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் வந்து கட்டடத்தை அளந்தார். முன்னாலும் பின்னாலும் அளந்தார். உத்திரத்தைத் தொடாமல் படி ஏற்ற ஒரே ஓர் இடம்தான் இருந்தது. நூல் பிடித்து, சுண்ணாம்பு தடவித் தரையில் கோடு போட்டார். கோடு எங்கள் அறைக்குள் நுழைந்து, கட்டிலுக்கு அடியில் போய், அடுப்புக்கு நடுவில் ஏறி நின்றது.

என் மனைவி கரண்டியோடு வந்து பார்த்தாள்.

"ஏண்ணே, ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா? இம்புட்டுப் பெரிய கட்டடத்துல எங்கூட்டு அடுப்புதான் ஒனக்குக் கண்ணுல பட்டுச்சா?"

"நான் என்ன தாயீ செய்யிறது? உத்திரம் அங்கதான் வழி விடுது."

"உத்திரத்துக்கு வழி தெரியிது. கூடப்பொறந்தவ எங்க போவாங்கிறது மட்டும் ஒனக்குத் தெரியல."

"கட்டடம் நின்னாத்தான தாயீ மாப்ளைக்குச் சோலி?"

"சோலி நிக்கும். அவரு எங்க நிப்பாரு, படியிலயா?"

மச்சான் கோட்டைக் காலால் தேய்த்து அழிக்கப் பார்த்தார். சுண்ணாம்பு ஈரத்தில் பிடித்துக்கொண்டு போகவில்லை. அன்றைக்கு என் மனைவி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சமைத்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பாத்திரங்களை எடுக்கும்போதெல்லாம் அண்ணனைத் திட்டினாள். அவர் கிளம்பிப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். இடித்தாலும் அறை போகும், காப்பாற்றினாலும் அறை போகும். ஆத்தாவிடம் போய் எங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதற்கு வாய் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தாவுடைய மகன் சென்னையிலிருந்து வந்தார். இன்ஜினியரும் வந்தார். ஆத்தா தெருவைத் தாண்டி வந்து நின்றார். என் மனைவி அறைக் கதவில் சாய்ந்துகொண்டிருந்தாள். மச்சான் கோட்டைக் காட்டி விளக்கினார். இன்ஜினியர் குனிந்து பார்த்து, இங்கே வைக்கலாம், உத்திரத்துக்குப் பாதகமில்லை என்றார்.

"தூத்துக்குடியிலயும் இந்த எடத்துலதான் இருக்கா?" என்று மகன் கேட்டார்.

"இதே எடந்தான் தம்பி" என்றார் மச்சான். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "மேல படி போயி முடியுற எடத்துல காவக்காரருக்கு ஒரு ரூம்பு தடுத்திருக்காக. ஜன்னலோட. நல்ல ரூம்பு."

நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி அண்ணனைப் பார்த்தாள்.

"காவக்காரருக்கா? மாடியிலயா?" மகன் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் பாத்தீங்களாண்ணே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. ஆமாம் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியவில்லை. இரண்டில் எதையும் சொல்ல வராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவன்ட்ட என்ன கேக்குற?" என்றார் ஆத்தா. "வந்த மறுநாளே எங்கிட்ட வெவரமாச் சொல்லிட்டான். மேல ரூம்பு இருக்கு. காவக்காரன் குடும்பத்தோட இருக்கான். அங்க எப்படியோ இங்கயும் அப்படியே கட்டணும். பெரியவுக சொன்ன சொல்லு அது."

"சரிம்மா, சரிம்மா" என்றார் மகன். இன்ஜினியர் தன் தாளில் மேல்தளத்தில் ஒரு கட்டம் போட்டுக்கொண்டார்.

ஆத்தா திரும்பிப் போகும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

தைக்கு முன்னாலேயே படி வேலை முடிந்தது. மச்சான் கையால் கட்டிய படி. எங்கள் அடுப்பு இருந்த இடத்தில் முதல் படி. மேலே படி முடிகிற இடத்தில், தெருப்பக்கம், பால்கனிக் கதவை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை. ஜன்னலில் பலகையை எடுத்துவிட்டார்கள். கம்பெனிக்கு ஏலக்காயை இங்கே வைக்கிற வேலை இல்லை, வெறும் கம்ப்யூட்டர்தான். பகலில் விளக்குப் போட வேண்டியதில்லை. என் மனைவி முதல் வாரம் பழக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வந்துவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவார். தூத்துக்குடியில் இருக்கிற பழைய கப்பல் ஆபீஸ் மாதிரியே உள்ளும் புறமும் அச்சு அசலாகக் கட்டியது என்று சொல்வார். படியைக் காட்டுவார். எங்கள் அறையையும் காட்டுவார். வந்தவர்கள் என்னைப் பார்த்து, அப்படியா என்று கேட்டால் நான் தலையை ஆட்டுவேன். பேச வேண்டியதில்லை.

மச்சான் அவ்வப்போது வந்து தன் படியைப் பார்த்துவிட்டுப் போவார். கைப்பிடியைத் தடவிப் பார்ப்பார். போன வாரம் வந்தபோது என் மனைவி தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடம் நிறைந்ததும் அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டிவிட்டுப் படி வழியாக வெறுங்கையோடு மேலே வந்தாள். பால்கனிக் கதவைத் திறந்து, பழைய கப்பியில் கயிற்றை இழுத்தாள். குடம் நங்கூரத்துக்குக் கீழே ஆடி ஆடி ஏறி வந்தது.

"ஏத்தா, இம்புட்டுப் பாடுபட்டு எதுக்குப் படி கட்டுனேன்?" என்றார் மச்சான், தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தபடி.

"அது ஆளு ஏறுறதுக்கு" என்றாள் அவள். "தள்ளி நில்லுண்ணே, தண்ணி சிந்தும்."